சுருதி இறங்கிய வரலாறு: இணுவிற் பெரியமேள மரபை முன்வைத்து ஒரு சமூகவியல் நோக்கு

1

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதியோர் இணுவில் என்னும் ஊரை ஒல்லாந்தர் காலத்துச் சின்னத்தம்பிப் புலவர் வாயிலாகவே பெரும்பாலும் அறிமுகஞ் செய்துள்ளனர். பஞ்சவன்னத் தூது பாடிய அப்புலவருக்கு இலக்கிய வரலாற்றிலே ஓரிடம் கிடைத்திருக்கிறது. அதே ஊரின் கோயில் வீதிகளிலே தலைமுறை தலைமுறையாக நாகசுரம் ஊதியவர்களும் தவில் வாசித்தவர்களும் அத்தகைய இடத்தைப் பெறவில்லை. அவர்களைப் பற்றிப் பேசுவோர் வியப்புரைகளோடு நின்றுவிடுகின்றனர். இன்னார் ஓரிராகத்தை விடியும்வரை வாசித்தார், இன்னார் கையிலே தவில் பேசியது என்னும் கூற்றுகள் நினைவைப் பேணுகின்றன. ஆயின் அவை வரலாற்றை விளக்குவதில்லை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் முதல் நோக்கிற் சிறியதாகத் தோன்றக்கூடும். 20ஆம் நூற்றாண்டிலே நாகசுரத்தின் சுருதி இறங்கியது. நான்கரை, ஐந்து கட்டைச் சுருதியில் ஒலித்த குறுகிய திமிரி நாகசுரம் ஒதுங்க, இரண்டு, இரண்டரைக் கட்டையில் ஒலிக்கும் நீண்ட பாரி நாகசுரம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இசைநூலார் இதனைக் கருவியின் வளர்ச்சியாகக் குறித்துச் செல்வர். இரசிகர் ஒரு மேதையின் கொடையாகப் போற்றுவர். இவ்விரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. ஆயினும் இம்மாற்றம் எந்தச் சமூகத் தேவையை ஒட்டி நிகழ்ந்தது, அதன் சுமையைத் தாங்கியவர் யார், அதனால் அவர்கள் பெற்றது எது, பெறாமற் போனது எது ஆகிய வினாக்கள் எழுப்பப்படாமலே உள்ளன. அவற்றை இணுவிலில் நின்று எழுப்புவதே நம் நோக்கம்.

இணுவிலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவில், தாவடி ஆகிய ஊர்களைக் கடந்து இணுவிலை அடைவர். செம்மண் தோட்டங்களும் புகையிலைச் செய்கையும் கொண்ட ஊர் அது. பரராசசேகரப் பிள்ளையார் கோயில், கந்தசுவாமி கோயில், சிவகாமி அம்மன் கோயில் ஆகியன அவ்வூரின் திருவிழாக் காலத்தை வகுத்துத் தந்தவை. தோட்டத்து உபரியும் கோயிலின் திருவிழாவும் மேளகாரரின் உழைப்பும் ஒன்றையொன்று தாங்கிநின்ற இடமாதலின், ஓர் ஒலி மாறிய கதையை அதன் சமூக அடித்தளத்தோடு சேர்த்துப் பார்க்க ஏற்ற களம் அதுவே.

2

முதலில் ஒரு தெளிவு வேண்டும். சுருதியை மாற்றுதல் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே வகையான செயல் அன்று.

நரம்புக் கருவியில் அது முறுக்காணியின் வேலை. முறுக்கினால் நரம்பு இறுகி ஒலி ஏறும், தளர்த்தினால் இறங்கும். பண்டைத் தமிழர் யாழ் நரம்புகளுள் வெவ்வேறு நரம்பைக் குரலாகக் கொண்டு பாலைகளைத் திரித்த முறையைச் சுவாமி விபுலானந்தர் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். நின்ற நரம்பிலே நிலைக்களத்தை மாற்றும் அந்த நுட்பம் நமது இசையறிவின் பழைமையைக் காட்டுவது. யாழின் பெயரைத் தாங்கிய குடாநாட்டில் இன்று அக்கருவி இல்லை. அதன் இளைய உறவினரான கிற்றாரைக் கொண்டு நாம் விளக்கத்தைத் தொடரலாம்.

மின்கிற்றார் வாசிப்போர் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்னும் வழமையான சுருதி அமைப்பிலிருந்து அரைச் சுரமோ ஒரு சுரமோ தாழ்த்தி வாசிப்பதுண்டு. ஒரே தடிப்பும் ஒரே நீளமும் உள்ள தந்தியில் அரைச் சுரம் இறக்கினால் அதன் இழுவிசை ஏறக்குறைய நூற்றுக்குப் பதினொரு பங்கு குறையும். ஒரு முழுச் சுரம் இறக்கினால் இருபத்தொரு பங்கு குறையும். தளர்ந்த தந்தி விரலுக்கு இதமானது. ஆனால் சற்று அழுத்தினாலும் சுரம் பிறழும். அதிரும்போது கட்டைமேல் உரசும். இதனைத் தவிர்க்கத் தடித்த தந்தி பூட்ட வேண்டும். பூட்டிய பின் பழைய சுருதிக்கு ஏற்றினால் கழுத்தும் பாலமும் மிகையான இழுவையைத் தாங்க வேண்டும். ஆகவேதான் இரண்டு சுருதியிலும் வாசிக்க வேண்டிய கலைஞர் இரண்டு கிற்றார்களை மேடைக்கு எடுத்துச் செல்கின்றனர். ஆணியைத் திருகுவது எளிது. ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்குக் கருவி முழுவதும் பெயர்வது எளிதன்று.

சுருதி இறங்குவதற்கான காரணமும் எப்போதும் அழகியலுக்குள் அடங்குவதில்லை. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலே தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த ரொனி அயோமி என்னும் இளைஞர், 1965இல், தமது பதினேழாம் வயதில், இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கையர், ஆகவே தந்தியை அழுத்தும் விரல்களே போயின. நுனிகளுக்குச் செயற்கை உறை செய்து அணிந்து வாசித்த அவர், பிளக் சபத் என்னும் குழுவின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டிலே கிற்றாரை ஒன்றரைச் சுரம் தாழ்த்தினார். இழுவிசை நூற்றுக்கு இருபத்தொன்பது பங்கு குறைய, காயமுற்ற விரல்கள் இலகுவாக இயங்கின. கனத்து இருண்ட அவ்வொலி பின்னர் ஓர் இசைவகையின் அடையாளமாயிற்று. அதனை இரசிப்போர் பலர் அதன் பிறப்பிலே ஒரு தொழிலாளியின் விரல் இருப்பதை நினைப்பதில்லை. சுருதி என்பது உழைக்கும் உடலுக்கும் கருவிக்கும் கேட்போர் கூட்டத்துக்கும் இடையே ஏற்படும் ஓர் இணக்கம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி நாகசுரத்துக்கு வருவோம். அதற்கு முறுக்காணி இல்லை. உலவு எனப்படும் மரக்குழலின் நீளமும் துளைகளின் இடைவெளியும் சுருதியை முன்னதாகவே விதித்துவிடுகின்றன. விரல்படும் ஏழு துளைகளுக்குக் கீழே உள்ள மேலதிகத் துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சிறிது திருத்தலாம். சீவாளியை மாற்றியும் மூச்சையும் உதட்டையும் கொண்டும் மேலும் சிறிது திருத்தலாம். அதற்கு மேல் இயலாது. ஐந்து கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு இறங்குவதெனில் அதிர்வெண் நான்குக்கு மூன்று என்னும் விகிதத்திற் குறைய வேண்டும். குழலின் நீளம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூட வேண்டும். துளைகளும் அதே அளவுக்கு விலகும். சிறு வயது முதல் திமிரியிற் பழகிய விரல்கள் புதிய இடைவெளிகளைக் கற்க வேண்டும். பெரிய சீவாளிக்கு ஏற்ப மூச்சும் மாற வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், கிற்றார் கலைஞன் தந்தியைத் தளர்த்துகிறான். நாகசுரக் கலைஞன் கருவியையும் உடலையும் புதிதாகச் செய்துகொள்கிறான்.

3

அத்துணைச் சிரமமான மாற்றம் ஏன் நிகழ்ந்தது? இதற்கு விடை காணத் திமிரி எதற்காக உயர்ந்து ஒலித்தது என்பதை அறிய வேண்டும்.

பெரியமேளம் கோயிற் பணியாக வளர்ந்த இசை. ஆறுமுக நாவலர் (1822–1879) முதலான சைவச் சீர்திருத்தவாதிகள் சின்னமேளத்தைக் கடிந்து ஒதுக்க முற்பட்டபோதும் பெரியமேளம் வழிபாட்டின் பிரிக்கவியலாத உறுப்பாகவே நிலைத்தது. பூசை வேளையை ஊருக்கு அறிவித்தல், சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசித்தல், வீதிவலத்தின்போது நடந்துகொண்டே இசைத்தல் என்பன மேளகாரரின் கடமைகள். வெட்டவெளியில், சனத்திரளின் இரைச்சலுக்கு மேலாக, தோட்டவெளி தாண்டிக் கேட்க வேண்டிய ஒலி அது. குறுகிய குழலின் கூரிய உச்சத் தொனி அத்தேவைக்குப் பொருந்தியது.

இதற்கு ஒரு பொருளாதாரப் பக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் திருவிழாக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உபயகாரருக்கு உரியன. புகையிலை வாணிகத்தில் ஈட்டிய பொருளும், மலாயாவில் அரச உத்தியோகம் பார்த்தோர் அனுப்பிய பணமும், அவர்தம் ஓய்வூதியமும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோயிற் றிருப்பணிகளாகவும் திருவிழாச் செலவுகளாகவும் உருமாறின. உபயகாரர்களுக்கிடையே போட்டி எழுந்தது. எத்தனை கூட்டம் மேளம், எந்த ஊர் நாகசுரம், இந்தியாவிலிருந்து வந்தவர் யார் என்பன கௌரவத்தின் அளவுகோல்களாயின. ஒலி எவ்வளவு தூரம் சென்றதோ அவ்வளவு தூரம் உபயகாரரின் பெயரும் சென்றது. ஊதியவனோ நின்றபடியும் நடந்தபடியும் பணி செய்தான். அவனது இசை கலையாகக் கேட்கப்பட்டது உண்மை. ஆனால் தொழும்பாகவே மதிக்கப்பட்டது.

உச்சச் சுருதி நாகசுரத்துக்கு மட்டும் உரியதன்று. ஒலிவாங்கி வருமுன் திறந்த கொட்டகையிற் பாடிய நாடகக் கலைஞர் அனைவரும் அவ்வாறே பாடினர். தமிழகத்திலே எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) அதனாற் புகழ்பெற்றவர். நமது குடாநாட்டிலே அம்மரபின் கடைசிப் பெருங்குரலாக விளங்கியவர் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). தொண்டையே ஒலிபெருக்கியாக இருந்த காலத்தின் அழகியல் அது. கடைசி வரிசையில் நிலத்தில் அமர்ந்திருந்தவனுக்கும் கேட்க வேண்டும் என்ற நியாயம் அதனுள் இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

4

பாரி நாகசுரத்தை நிலைநாட்டியவர் என்னும் பெருமை திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளைக்கு (1898–1956) உரியது. நின்று ஊதும் வழக்கத்தை மறுத்து மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை வற்புறுத்தியவர் அவர். மேலங்கி அணிந்து, தலைமயிரைக் கத்தரித்து, தொழும்பாளனுக்கு விதிக்கப்பட்ட தோற்றத்தையே களைந்தவர். சுருதியைத் தாழ்த்தியமையும் மேடையில் அமர்ந்தமையும் ஒரே மனிதரிடத்தில் ஒருங்கே நிகழ்ந்தவை. அவற்றைத் தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பார்ப்பது பிழை. வாய்ப்பாட்டுக் கலைஞன் எத்தகைய மதிப்போடு எத்தகைய சபையிலே அமர்கிறானோ அதே மதிப்போடு அதே சபையில் அமர வேண்டும் என்னும் கோரிக்கை கருவியின் சுருதி வரை இறங்கி வந்தது. இரண்டு கட்டை என்பது மனிதக் குரலின் எல்லைக்கு நெருங்கியது. தெருவின் சுருதியிலிருந்து சபையின் சுருதிக்கு நாகசுரம் பெயர்ந்தது என்பதே இதன் உட்பொருள்.

அப்பெயர்ச்சியைச் சாத்தியமாக்கியவை புதிய உற்பத்திச் சாதனங்கள். கொழும்பிலே வானொலி 1925இல் தொடங்கியது. சென்னை நிலையம் 1938இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இலும் இயங்கலாயின. இசைத்தட்டும் ஒலிபெருக்கியும் பரவின. ஒலிவாங்கியின் முன் உச்சத் தொனி தன் பழைய பயனை இழந்தது. தூரத்தைக் கடக்கும் வேலையை மின்சாரம் ஏற்றுக்கொண்டது. அதனால் விடுதலை பெற்ற மூச்சு, கமகங்களின் நுண்மைக்கும் இராக ஆலாபனையின் நீட்சிக்கும் திரும்பியது. இராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டிலும் வானொலியிலும் பரவி யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. நாகசுரம் கேட்கக் கோயில் வீதிக்குப் போக வேண்டியதில்லை என்ற நிலை வரலாற்றிலே அப்போதுதான் தோன்றியது.

இங்கே இன்னொருவரை நாம் நினைவுகூர வேண்டும். பாரி நாகசுரத்தைச் செய்து கொடுத்தவர் கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையைச் சேர்ந்த இரங்கநாத ஆசாரி. திமிரியிலே சுத்த மத்திமத்தைச் செவ்வையாகப் பெறுதல் அரிதாயிருந்தது. குழலின் நீளம், உட்கூம்பின் விரிவு, துளைகளின் இடம் ஆகியவற்றை மீண்டும் மீண்டும் சோதித்தே அக்குறை நீக்கப்பட்டது. அதற்கு வேண்டிய ஆச்சா மரம் பழைய வீடுகளின் உத்தரங்களிலிருந்தும் தூண்களிலிருந்தும் எடுக்கப்படுவது. ஆண்டுகள் பலவாக உலர்ந்து இறுகிய மரமே வெடிக்காது நின்று ஒலிக்கும். இடிந்த வீட்டின் உத்தரம் இசைக்கருவியாவது கைவினைஞரின் உழைப்பால். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆயினும் பாரி நாகசுரத்தின் வரலாற்றைச் சொல்வோர் நாவில் வித்துவானின் பெயர் வரும் அளவுக்கு ஆசாரியின் பெயர் வருவதில்லை. மூளை உழைப்பும் கையுழைப்பும் பிரிக்கப்பட்ட சமூகத்தில் புகழும் அவ்வாறே பங்கிடப்படுகிறது.

5

தஞ்சைப் பகுதியில் நிகழ்ந்த இம்மாற்றம் இணுவிலை எட்டியது எவ்வாறு? 1914இல் தொடங்கிய தலைமன்னார் - தனுஷ்கோடிக் கப்பற் சேவை குடாநாட்டையும் காவிரிப் பகுதியையும் ஒரே இசைச் சந்தையாக்கியது எனலாம். திருவிழாக் காலங்களில் தமிழக வித்துவான்கள் வந்தனர். சிலர் நெடுநாள் தங்கினர். இங்குள்ளோர் அங்கு சென்று பயின்றனர். உலவும் சீவாளியும் அக்கரையிலிருந்தே வந்தன. சீவாளிக்கான நாணல் காவிரிக் கரையில் விளைவது. ஆகவே சுருதி மாற்றத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை ஓரளவுக்குக் கருவி செய்யும் ஊரின் கையில் இருந்தது. 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்தபோது அறுந்தது ஒரு போக்குவரத்துப் பாதை மாத்திரம் அன்று.

எனினும் யாழ்ப்பாணம் வாங்கிக்கொள்வதோடு நிற்கவில்லை. இங்கேதான் இணுவிலின் தனித்தன்மை வெளிப்படுகிறது.

நாகசுரத்தின் சுருதி இறங்கினால் தவிலும் அதற்கு இயைய வேண்டும். பலாமரக் கட்டையில் இருபுறமும் தோல் போர்த்து வாரினால் இழுத்துக் கட்டப்பட்ட பழைய தவிலிலே இறுக்கத்தை மாற்றுவது பெருவேலை. பின்னர் உலோக வளையங்களும் திருகாணிகளும் வந்தபோது அது இலகுவாயிற்று. தவிலுக்கு அப்போதுதான் ஒருவகை முறுக்காணி கிடைத்தது. ஆயினும் இறுக்கத்தை விட முக்கியமானது இடம். உச்சச் சுருதியில் ஓடிக்கொண்டிருந்த நாகசுரம் தாழ்ந்து, விரிந்து, நிறுத்தி நிறுத்திப் பேசத் தொடங்கியபோது தவிலுக்கு இடைவெளிகள் கிடைத்தன. அவ்விடைவெளிகளை நிரப்புவது யார், எவ்வளவு நிரப்புவது, எங்கே அடக்குவது என்பன புதிய கலைச்சிக்கல்களாயின.

யாழ்ப்பாணத்து மேளச்சமா இதற்கான பயிற்சிக் களமாயிற்று. சுவாமி வீதிவலம் வருகையில் ஓரிடத்திற் பல கூட்டங்கள் கூடிநின்று ஒன்றையொன்று விஞ்ச வாசிக்கும் அச்சமாவில் தவிலே நடுநாயகம். சூழ நின்ற தோட்டக்காரரும் கூலியாட்களும் கணக்குத் தவறினாற் கண்டுகொள்ளும் செவி உடையவர்களாயிருந்தனர். இசைக் கல்வி நிறுவனம் எதிலும் பயிலாத அச்செவிகளே தவிற்கலையின் தேர்வாளர்கள். சபைகளிலே பணம் படைத்தோர் முன்வரிசையில் இருந்தனர்; வீதியிலே எவன் நெருங்கி நின்றானோ அவன் முன்வரிசை.

இக்களத்திலிருந்து எழுந்தவரே இணுவிலிற் பிறந்த தவில் மேதை தெட்சிணாமூர்த்தி (1933–1975). அவரது தந்தையார் விசுவலிங்கமும் தவிற் கலைஞர். காருகுறிச்சி அருணாசலம் (1921–1964), நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் முதலிய தமிழகத்து நாகசுர வித்துவான்களுக்குத் தவில் வாசித்து, தமிழகத்துத் தவில் வித்துவான்களே வியக்கும் நிலையை அவர் எய்தினார். பெயருக்கு முன்னே யாழ்ப்பாணம் என்னும் அடை ஒட்டிக்கொண்டது. காருகுறிச்சியார் இராஜரத்தினம் பிள்ளையின் மாணவர். தாழ்ந்த சுருதியின் இனிமையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்தவர். அவரது நாகசுரத்தோடு இணுவிலின் தவில் இணைந்தபோது நிகழ்ந்தது யாது? அக்கரையில் இறங்கிய சுருதிக்கு இக்கரையில் வளர்ந்த கணக்கு விடை சொன்னது. ஈழத்துக் கலைஞன் தமிழகத்துக்குக் கடன்பட்டவன் என்று மட்டுமே எழுதிவரும் கலை வரலாற்றுக்கு இது ஒரு திருத்தம்.

6

இனி, இம்மாற்றத்தின் விலையை நோக்குவோம்.

ஒரு கருவி போதும் என்றிருந்த நிலை மாறியது. சபைச் சுருதிக்கு ஒன்று, அதினின்று அரைக் கட்டை வேறுபடும் மற்றொன்று, அவற்றுக்கேற்ற சீவாளிகள் என மேளகாரர் தம் கைப்பொருளிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. சுருதியைத் தாழ்த்துமாறு கேட்டது சந்தை. அதற்கான முதலீட்டைச் செய்தவன் உழைப்பாளி. அவனது கருவி அவனுக்கு உரிமையாயிருந்தது. ஆனால் வாசிக்கும் மேடையும் திருவிழா நாட்குறிப்பும் ஒலிபெருக்கியும் பிறர் கையில் இருந்தன. பொற்பதக்கமும் சால்வையும் அணிவிக்கப்பட்டன. அவை ஓய்வூதியம் ஆவதில்லை. மூச்சுத் தளர்ந்த முதுமைக்கு உதவுவதில்லை.

மேடையில் அமரும் உரிமை கிடைத்தது. ஆயின் சாதி அமைப்பு அதனோடு தகர்ந்துவிடவில்லை. தமிழகத்திலே இக்கலைஞர் சமூகத்தினர் இசைவேளாளர் என்னும் பெயரைப் போராடி நிலைநாட்டினர். யாழ்ப்பாணத்தில் மேளகாரர் என்ற சொல் கலையை மட்டும் குறிக்கவில்லை. பந்தியில் யார் எங்கே அமர்வது என்பதையும் குறித்தது. கலைஞனைத் தலையிற் றூக்கி வைத்துக் கொண்டாடிய அதே ஊர் அவனது வீட்டிற் றண்ணீர் அருந்தத் தயங்கியது என்பது நமது நினைவுக்கு எட்டிய காலத்துச் செய்தியே.

இவ்விடத்தில் ஓர் இயங்கியல் முரண்பாட்டைச் சுட்டல் தகும். திமிரியின் ஒலி கோயில் மதிலைக் கடந்து சென்றது; மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களுக்கும் அது கேட்டது. பாரியின் ஒலி சபைக்கு உரியது. அதற்கு முன்னே அமர்வோர் யார் என்பதைச் சமூகம் தீர்மானித்தது. இவ்வகையில் சுருதியின் இறக்கம் கேட்போர் வட்டத்தைச் சுருக்கியது எனலாம். ஆனால் அதே இறக்கத்தைச் சாத்தியமாக்கிய ஒலிபெருக்கி, கூம்பு வாயைத் தெருவை நோக்கித் திருப்பி, முன்னிலும் தொலைவுக்கு அவ்விசையைக் கொண்டு சென்றது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபோது, உள்ளிருந்து எழும் இசை தடையின்றி வெளியே வந்தது. வெளியே நின்ற மனிதன் உள்ளே செல்லத் தடையிருந்தது. ஒலிக்குக் கிடைத்த சுதந்திரம் மனிதனுக்குக் கிடைக்கப் போராட்டம் தேவைப்பட்டது. தொழினுட்பம் வாயிலைக் காட்டும். திறக்க வேண்டியோர் மக்களே.

7

சுருதி மாற்றத்தை ஒலிவாங்கியின் விளைவு என்று மட்டும் கூறி முடித்துவிடலாமா? அவ்வாறு கூறின் அது இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமாகிவிடும். யாழ்ப்பாணத்தின் அண்மைக் கால வரலாறே அதனை மறுக்கிறது. 1990இன் பின் குடாநாடு பல்லாண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. எரிபொருளுக்கும் தடை இருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் இணுவில் உட்பட வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. ஒலிபெருக்கி இயங்குவது அரிதாயிருந்த அவ்வாண்டுகளிலும் கோயில்களில் மேளம் ஒலித்தது. திமிரி திரும்பி வரவில்லை. ஒலிவாங்கி கொண்டுவந்த சுருதி, ஒலிவாங்கி ஓய்ந்த பின்னும் நிலைத்தது. அதற்குள் அது செவியின் உடைமையாகிவிட்டது. பொருளாதார அடித்தளம் ஒரு கலைவடிவத்தைத் தோற்றுவிக்கலாம். தோன்றிய வடிவம் தனக்கென ஓர் ஒப்பீட்டுச் சுயாதீனத்தைப் பெற்றுக்கொள்ளும் என்னும் கருத்துக்கு நமது கோயில் வீதிகள் தந்த சான்று இது.

ஐரோப்பாவிலே சுருதியை நிலைப்படுத்தியது அரசு. பிரான்சு 1859இல் ஏ என்னும் சுரத்துக்கு 435 அதிர்வுகள் எனச் சட்டம் செய்தது. 1939இல் இலண்டனிற் கூடிய அனைத்துலக மாநாடு அதனை 440 ஆக்கியது. கருவி உற்பத்தியும் வானொலியும் எல்லை கடந்து விரிந்தபோது ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது. நமக்கு அத்தகைய சட்டம் இல்லை. ஆயினும் நாம் சுருதியை அளக்கும் கட்டை என்னும் சொல், மேனாட்டிலிருந்து வந்த ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணிப் பிறந்த வழக்கே. எவரும் சட்டம் இயற்றாமலே சந்தையும் கருவியும் பழக்கமும் சட்டத்தின் வேலையைச் செய்துவிடுகின்றன. இன்று மின்சுருதிப் பெட்டியின் குமிழைத் திருப்பினால் எந்தக் கட்டையும் கிடைக்கும். மின்விசைப் பலகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டு முழுவதும் ஏறும், இறங்கும். நாகசுரக் கலைஞன் மட்டும் இன்னும் மெழுகையும் மூச்சையும் கொண்டே சுருதி சேர்க்கிறான். கலியாண மண்டபத்தில் மின்விசைப் பலகையோடு இணைந்து வாசிக்க அழைக்கப்படும்போது இயைந்து கொடுக்க வேண்டியவன் அவனே. இயந்திரத்துக்கு மனிதன் இசைய வேண்டும் என்னும் பழைய நியதி புதிய வடிவத்தில் வந்து நிற்கிறது.

இணுவிலை அடுத்த மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கப்பெற்ற இராமநாதன் இசைக்கழகம் 1970களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. அங்கிருந்து மேளகாரரின் வீடுகள் நடந்து செல்லும் தூரத்தில் உள்ளன. அத்தூரத்தை நமது ஆய்வுலகம் இன்னும் செவ்வனே நடந்து கடக்கவில்லை. சுவடிகளைத் தேடித் தொகுத்த அதே சிரத்தையோடு, திமிரியிற் கற்றுப் பாரிக்கு மாறிய தலைமுறையின் பிள்ளைகளிடத்து எஞ்சியிருக்கும் நினைவுகளையும், பரண்களிற் கிடக்கும் பழைய உலவுகளையும், தேய்ந்த இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் திரட்டுதல் வேண்டும். உலவின் நீளமும் துளைகளின் இடைவெளியும் அளக்கப்பட வேண்டும். அவை எழுத்தறியாத ஆவணங்கள்.

சுருதி இறங்கியது, கலையின் மதிப்பு ஏறியது. கலைஞனின் வாழ்வு அதே அளவுக்கு ஏறியதா என்பதே நமது கேள்வி. மேடையில் அமர இடம் கேட்டு ஒரு தலைமுறை தன் விரல்களின் இடைவெளியையே மாற்றிக்கொண்டது. அதற்கு ஈடாகச் சமூகம் தன்னுள் எதனை மாற்றிக்கொண்டது என்று கேட்கும் பொறுப்பு இசையை இரசிப்போர் அனைவருக்கும் உரியது.